பாசியின் சுமை

மலேசியாவின் ஜொகூரில், பத்து பகாட், பொந்தியான் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஊடறுத்துப் போகும் பாரிட்டு எனும் வடிகால் வாய்க்கால்களில் பல இடங்களில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். பாசி மட்டும் துருவேறிச் சிவந்திருக்கும். விரலால் வழித்தால் பச்சை இழையோடு செம்பொடியும் ஒட்டி வரும். அது இரும்பு.

அந்த இரும்பு அந்த மண்ணுக்கே உரியது. அங்குள்ள கடற்களிமண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட், காற்றுப் படாமல் நீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது. 1970களில் மேற்கு ஜொகூர் வேளாண் மேம்பாட்டுத் திட்டம் வாய்க்கால் வெட்டி ஈரநிலத்தை வடித்தது. காற்றுப் பட்ட பைரைட்டிலிருந்து கந்தக அமிலம் பிறந்தது. அது இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து நீரில் விட்டது. அந்த வடிகால்கள்தான் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதை மறக்கக் கூடாது.

பாசிக்கு உலோகம் பகையல்ல. இரும்பும் மாங்கனீசும் துளி செம்பும் இல்லாமல் அது வெயிலைக் கொண்டு உணவு சமைக்க முடியாது. மிஞ்சினால்தான் ஆபத்து. காட்மியம், ஈயம் போன்றவை வந்தால் செல்சுவரிலேயே பிடித்து வைக்கும். உள்ளே நுழைந்ததைக் கந்தகம் கொண்ட சிறு மூலக்கூறுகளால் கட்டி ஒதுக்கும். குளோஸ்டீரியம் என்றொரு பிறை வடிவப் பாசி உண்டு. நுண்ணோக்கியில் அதன் இரு முனைகளிலும் சிறு பைகள் தெரியும்; உள்ளே பொடிப் படிகங்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். சில இனங்களில் அவை பேரியம் சல்பேட். அணுக்கழிவிலுள்ள ஸ்ட்ரான்சியத்தை அந்தப் படிகங்களில் பிடித்துப் பிரிக்க இந்தப் பாசி உதவுமா என்று 2011இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள்.

பாசி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று கேட்டால் மனம் குளிர்கிறது. எனக்கோ கவலைதான் வருகிறது. இலை மட்கும், சாணம் மட்கும், உலோகம் மட்காது. காட்மியம் என்றைக்கும் காட்மியம்தான். தண்ணீரை விட்டுப் போனதென்றால் இன்னொரு உடம்பில் ஏறியிருக்கிறது என்று பொருள். நாம் அள்ளும் தெளிந்த நீருக்குப் பின்னால் சுமக்கிற உயிர் ஒன்று இருக்கிறது. அந்தப் பாசி செத்தால் சுமை சேற்றில் இறங்கும். அமிலம் கூடினால் சேறு அதைத் திரும்ப நீரில் விடும். பாசியை மேயும் நத்தைக்கும் அதில் பங்கு போகும்.

ஆகவே அந்தக் களிமண்ணைக் கிளறாமல் விடுவதே முதல் வைத்தியம். பைரைட் அடுக்கு எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்படி பாரிட்டின் மட்டத்தைக் காத்தால், புது அமிலம் பிறப்பது பெரிதும் நின்றுவிடும். வறட்சி மாதங்களில் மதகை எந்த அளவுக்குத் திறப்பது என்று தோட்டத்தில் முடிவெடுக்கிறவர் கையில் இருக்கிறது அது.