பின்னிரவில் வரும் கவலை



விடியற்காலை மூன்று மணி. வீடே அயர்ந்து தூங்குகிறது. உங்களுக்கு மட்டும் விழிப்பு. மகளின் கல்லூரிக் கட்டணம், நாலு நாளாகப் போன் பண்ணாத மகன், மறுநாள் வாங்க வேண்டிய ஸ்கேன் ரிப்போர்ட்... ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் உட்காருகின்றன. பகலில் சமாளித்த அதே கவலை, அந்நேரத்தில் ஏன் மலையாகிவிடுகிறது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து மக்களிடம் இதற்கென்றே ஒரு சொல் இருந்தது: ‘ஊஹ்ட்செயாரெ’. ‘ஊஹ்ட்’ என்பது விடியலுக்கு முந்தைய கடைசிச் சாமம்; மற்றது கவலை. கடல் கடந்து போன கணவன் எங்கே இருக்கிறானோ என்று தவிக்கும் ஒரு பெண்ணின் புலம்பலில், ஒரே ஓர் இடத்தில்தான் இந்தச் சொல் கிடைத்திருக்கிறது. அந்தப் பாட்டு உள்ள கையெழுத்து நூலை எக்சிட்டர் பேராலயத்துக்குக் கொடுத்தவர், 1072-இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக். நூல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. முன்பக்கத்தில் கத்திக் கீறல்கள், ஏதோ பாத்திரம் வைத்த வட்டக் கறை. கடைசித் தாள்களில் தீ தின்ற ஓட்டைகள். புத்தகத்தை அடுப்படிப் பலகையாக்கிய புண்ணியவான் யாரோ! அத்தனைக்கும் தப்பி அவள் கவலை நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே ‘ஊஹ்ட்’டில் பிறந்த இன்னொரு சொல் ‘ஊஹ்ட்சங்’. மடங்களில் துறவியர் அந்தச் சாமத்தில் எழுந்து பாடிய செபம் அது. பாடியவர்களுக்குக் கவலை இல்லையென்றா நினைக்கிறீர்கள்? அவர்கள் பாடிய திருப்பாடல்களில்தான் எத்தனை புலம்பல்கள்! கவலை தீரட்டும், பிறகு செபிக்கலாம் என்று நாம்தானே தள்ளிப்போடுகிறோம்?

எதிர்காற்றில் படகோட்டித் தவித்த சீடர்களிடம் ஆண்டவர் கடல்மீது நடந்து வந்தது எப்போது? இரவின் நான்காம் காவல்வேளையில் என்கிறார் மத்தேயு. மூன்று மணிக்கு மேல், அதே சாமம்தான். காற்று அடங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. அலறியவர்களுக்கு முதலில் தைரியம் சொன்னார். அவரை நோக்கித் தண்ணீர்மேல் நடந்த பேதுருவின் நம்பிக்கைக் குறைவைக் கேட்டதுகூட, மூழ்கியவரைக் கைநீட்டிப் பிடித்த பிறகுதான். நம் ஆண்டவரின் இரக்கம் அப்படி.

ஆகவே, பிரியமானவர்களே, இன்றிரவு விழிப்பு வந்தால் செல்போனைத் தேடாதீர்கள். சிலுவை அடையாளம் வரைந்து, உங்களை வாட்டுவது எதுவோ அதை வெளிப்படையாக அவரிடம் சொல்லுங்கள். செபம் வரவில்லையென்றால் அழுங்கள். அதையும் அவர் கேட்பார். பல நாள் தூக்கமில்லையென்றால் மருத்துவரையும் பாருங்கள், அது நம்பிக்கைக் குறைவல்ல. அடுத்த வீட்டிலும் ஒருவர் விழித்திருக்கலாம். அவருக்காகவும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். ஆமென்.