இரவற் குரல்

ஒரு வாத்தியத்தின் குரலை இன்னொரு வாத்தியத்தில் எழுப்புவது பொய்யா? லப் ஸ்டீல் எனப்படும் மின்சாரக் கிற்றாரை மடியில் கிடத்தி, உருக்குக் கட்டையால் தந்திகளை வருடும் கலைஞர் பலர், அதிலிருந்து றெசொனேட்டர் கிற்றாரின் நாதத்தைப் பெற முயல்கின்றனர். இது வெறும் நுட்ப விவகாரம் என்று ஒதுக்குவாரும் உளர். ஆயின் போலி எது, பயிற்சி எது, களவு எது என்ற அறவினா இதற்குள் அடங்கியிருக்கிறது.

ஹவாய்த் தீவினரான ஜோசப் கெக்குக்குவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் வாசிப்பு முறை இது. 1893இல் அத்தீவுகளின் அரசு கவிழ்க்கப்பட்டது. 1898இல் அமெரிக்கா அவற்றைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நாடிழந்தோரின் இசை, வென்றோரின் மண்டபங்களில் ஒலிக்கலாயிற்று. அங்கே நடனக் குழுக்களின் பேரொலியில் மரக் கிற்றாரின் குரல் அமிழ்ந்தது. அதற்கு விடையாக, ஸ்லோவாக்கியாவில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய ஜோன் டொப்யேரா, மெல்லிய அலுமினியக் கூம்புகள் பொருந்திய கிற்றாரை உருவாக்கினார். நஷனல் கம்பனி அதனை 1927இல் வெளியிட்டது. பின்னர் ஒற்றைக் கூம்புடைய டொப்ரோ பிறந்தது. ஆனால் 1932இல் போஷாம்ப், ரிக்கன்பெக்கர் ஆகியோரின் மின்சாரக் கிற்றார் சந்தைக்கு வந்ததும், உரத்துப் பேசும் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. உரப்புக்காகச் செய்யப்பட்ட கூம்பு தன் வேலையை இழந்தது. அதன் கணீரென்ற தொனியோ மக்கள் செவியில் தங்கிவிட்டது.

அத்தொனியை மின்வாத்தியத்தில் எழுப்புவது எளிதன்று. காந்தப் பிக்கப் தந்தியின் அசைவையே உணரும். உடலின் முழக்கம் அதற்கு எட்டுவது அரிது. கூம்பின் நாதம் சட்டென வெடித்து விரைவில் அடங்குவது. ஆகவே கலைஞர் விரல்களில் உலோக மீட்டிகளை மாட்டிக் குதிரையின் அருகே மீட்டுகிறார்; அடிநாதத்தைக் குறைத்து நடுநாதத்தை உயர்த்துகிறார்; நீளும் ஒலியை உள்ளங்கையால் நேரத்தோடு அடக்குகிறார்; தந்திகளை டொப்ரோவுக்குரிய ஜி-பி-டி-ஜி-பி-டி சுருதியில் கூட்டுகிறார். கூம்புக் கிற்றாரின் உடல் முழக்கத்தை மின்னொலியின்மேல் ஏற்றும் இலக்கக் கருவிகளும் இன்று உண்டு.

அசலையே வாசித்தால் என்ன என்று தூய்மைவாதி கேட்பார். இரண்டு வாத்தியம் வாங்க எல்லாரிடமும் பணம் இல்லை. பணம் இருப்பினும், இரைச்சல் மிகுந்த மேடையில் கூம்பின் முன் ஒலிவாங்கியை வைத்தால் அது ஊளையிடத் தொடங்கும். தேவையிலிருந்து பிறந்த குரலைத் தேவையின் காரணமாகவே இரவல் கேட்கிறார் கலைஞர். இதில் குற்றம் எங்கே?

கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இவ்வினா புதிதன்று. மருதமுனையின் பெயர் கைத்தறியோடு பிணைந்தது. விசைத்தறித் துணியை விசைத்தறித் துணி என்றே விற்பதில் வஞ்சனை இல்லை. அதனையே மருதமுனைக் கைத்தறி என்று விற்றால், அங்கே திருடப்படுவது துணியின் கோலமன்று, நெசவாளியின் கூலி. அளவையில் மோசம் செய்வோரைத் திருமறை கண்டிப்பதை இக்கரையில் அறியாதார் இல்லை. பெயரும் ஓர் அளவைதான்.

ஆயின் வாய்மை மட்டும் போதுமா? றபானை எண்ணிப் பாருங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தளரும் அதன் தோலை அனலில் காட்டி இறுக்க வேண்டும். அடிக்கும் கைக்கு நெடுநாட் பழக்கம் வேண்டும். அதையொத்த தாளத்தை மின்விசைப் பலகையின் ஒரு பொத்தான் தந்துவிடும். பொத்தானைக் கேட்டு அது றபான் என்று ஒருவரும் ஏமாறமாட்டார். எனினும் பொத்தான் போதும் என்று ஒரு விழாவினர் முடிவுசெய்தால், றபான் கலைஞர் அன்று வெறுங்கையுடன் வீட்டிலிருப்பார். பொய் சொல்லாமலும் ஒருவன் சோற்றில் கைவைக்க முடியும் என்பதே இதன் பாடம்.

இவ்விடத்தில் மடிக் கிற்றார் கலைஞர் வேறுபடுகிறார். எந்தக் கருவியை இணைத்தாலும், எங்கே மீட்டுவது, எப்போது அடக்குவது என்பதை அவர் கைதான் தீர்மானிக்க வேண்டும். அதற்காக அவர் கூம்புக் கிற்றாரைப் பலகாலும் கேட்டு, அதை வாசிப்போரின் மாணவராகிறார். பொத்தானோ எவருக்கும் மாணவனாவதில்லை.

ஆகவே குரலை இரவல் பெறுபவனுக்கு மூன்று கடமைகள் உள. மூலத்தின் பெயரை மறைக்காதிருப்பது முதலாவது. இலங்கையிலும் வங்காளத்திலும் இவ்வாத்தியத்தை இன்றும் ஹவாயன் கிற்றார் என்றே சொல்லும் பழக்கத்தில் அந்த நேர்மை எஞ்சியுள்ளது. மூலத்தைக் கற்பது இரண்டாவது. மூலக் கலைஞன் உயிரோடு அருகிலிருக்கையில், அவன் கூலியை விழுங்காதிருப்பது மூன்றாவது. முதலிரண்டும் கலைஞனின் பொறுப்பு. மூன்றாவது அவன் ஒருவனால் ஆவதன்று. மேடை அமைப்போரும், பணம் கொடுப்போரும், கீழே அமர்ந்து கேட்கும் நாமும் சேர்ந்தே அதனை நிறைவேற்ற வேண்டும்.