காட்டின் அபரிக்கிரகம்

தனக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளாதிருக்கும் அபரிக்கிரகமே உத்தம தர்மம் என்று துறவு நூல்கள் விதிக்கும்போது, உண்ணாமலும் சேர்க்காமலும் எந்த ஜீவன்தான் உலகில் தரிக்க முடியும் என்ற ஐயம் இல்லறத்தானுடைய உள்ளத்தில் எழுவது இயல்பே. பற்றுதலும் விடுதலும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள்தாமா என்று ஆராயப் புகுவோர்க்கு, அமேசானோடு கலக்கும் ரியோ நீக்ரோ ஆற்றங்கரையின் மழைக்காடு சிந்திக்கத்தக்க ஒரு விடையை அளிக்கிறது.

அவ்வாற்றின் மேற்பகுதியில் ஆண்டுதோறும் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது; மண்ணோ யுகயுகமாக அம்மழையாலேயே அலசப்பட்டுச் சாரமிழந்து கிடக்கிறது. வானத்து நீரிற் பெரும்பகுதி நேரே நிலத்தை அடைவதில்லை. முதலில் உச்சி இலைகளின்மேல் விழுந்து, அவற்றின் நீண்டு கூர்ந்த நுனிகள் வழியே தேங்காமல் சொட்டுகிறது; சிறிதளவு கிளைகளில் திரண்டு அடிமரத்தைத் தழுவி இறங்குகிறது. இறங்கும் வழியிலே இலைமேற் படிந்த தூசியையும், இலைகளினின்று கசியும் பொட்டாசியம் முதலிய உப்புகளையும் அது கரைத்துக்கொள்வதால், வேரைச் சேரும் நீர் மேகத்தை விட்டுப் புறப்பட்ட நீரினும் சத்து மிக்கதாகிறது. கிளைகளில் தொற்றி வாழும் அன்னாசி இனச் செடிகளோ தம் இலைக்குவியலின் நடுவே நீரையும் சருகையும் தேக்கிவைத்து, அதிலேயே உணவு பெறுகின்றன.

கீழே வேர்கள் பாய்போலப் பின்னிப் படர்ந்திருக்கின்றன. அவ்வாற்றங்கரையிலுள்ள சான் கார்லோஸ் என்னும் ஊரையடுத்த காட்டில், நெல்லி ஸ்டார்க், கார்ல் ஜோர்டன் என்ற இரு விஞ்ஞானிகள் கதிரியக்கம் கொண்ட கால்சியத்தையும் பாஸ்பரஸையும் இவ்வேர்ப்பரப்பின்மேல் தெளித்துச் சோதித்தனர். அடியிற் கசிந்து போனது ஆயிரத்தில் ஒரு பங்கே என்று 1978-ல் எழுதினர்.

இத்தனை இறுகப் பற்றும் காட்டைத் துறவி என்று போற்றுவது பொருந்தாது. உலோபி என்று இகழவும் இயலாது. ஏனெனில், வேர் கவர்ந்தது இலையாகி, இலை சருகாகி, சருகு பூஞ்சைக்கு இரையாகி மீண்டும் வேரை அடைகிறது. முழுமையை விட்டு ஏறத்தாழ யாதும் அகல்வதில்லை. தனியொன்றிடத்தில் யாதும் நிலைத்துத் தங்குவதுமில்லை. இக்காடுகளை வெட்டிச் சுட்டுப் பயிரிட்டவர்கள், சில ஆண்டுகளுக்குள்ளேயே விளைவு குன்றக் கண்டார்கள். செல்வம் முழுவதும் அச்சுழற்சியிலேயே இருந்ததென்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

மரத்துக்குச் சங்கல்பம் ஏது, அது தன் தாகத்துக்கன்றோ நீரை இறக்குகிறது என்று கேட்பது நியாயமே. மரத்தின் செயலை நான் புண்ணியம் என்று கூறவில்லை. வந்ததைத் தடுத்து நிறுத்தும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டு. அச்சுதந்திரம் இருப்பதனாலேயே, மரத்தினிடத்தில் சுபாவமாயிருக்கும் ஒழுங்கு அவனிடத்தில் தர்மமாக உயர்கிறது. பொருளைத் தீண்டாதிருப்பவன் மட்டுமே அபரிக்கிரகி என்றால், அவ்விரதம் ஒரு சிலருக்கே உரியதாகிவிடும். நிலமும் கல்வியும் பதவியும் பெற்றவன், தான் உயிர்வாழ வேண்டியதை ஏற்று, எஞ்சியதை அடுத்தவரை நோக்கி நடக்கவிடுவானாகில், அவனும் அவ்விரதத்தைக் காத்தவனே என்பது என் துணிபு.