காசு வெட்டிப் போடலாமா?

ஆதனக்கோட்டை முந்திரியை இணையத்தில் விற்கிறேன். ஒரு கிலோ வாங்கிய வடநாட்டுக்காரர், பாதிக்குமேல் உடைசல் என்று படம் அனுப்பினார். விற்பனைத் தளம் அவர் பக்கமே சாய்ந்தது. பணமும் போச்சு, பருப்பும் திரும்பவில்லை.

“கோயிலில் காசு வெட்டிப் போடு” என்றார் அம்மா. ஏமாற்றியவனைச் சாமி தண்டிக்கட்டும் என்று காசை வெட்டி முறையிடுவது; எங்கள் பக்கத்தில் அதுதான் கடைசி மேல்முறையீடு. அதற்கு முன்படியாக, அய்யனாரின் மண்குதிரைகளுக்கு முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பயந்தவன் முதல்நாள் ராத்திரியே வந்து சமாதானம் பேசிவிடுவான். ஆனால் ரெண்டு பேரும் ஒரே சாமிக்குப் பயப்பட வேண்டுமே! சட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை: 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், நுகர்வோர் புகார் கிடைத்ததைத் தளம் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்கச் சொல்கின்றன. மனசாட்சிக்கு விதி ஏது?

எங்கள் பக்கத்துச் சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டக் குகையில் கல்படுக்கையில் கிடந்த சமணர்களின் மதத்தில் அநேகாந்தம் என்றொரு கொள்கை உண்டு. எந்தப் பார்வையும் முழு உண்மை அல்ல. நான் கட்டியது முழுப் பருப்பு, அவர் பிரித்தது உடைசல். வழியில் தூக்கி எறிந்த கைகள் எத்தனையோ. இரண்டுமே மெய்யாகலாம். இப்படி மனசைத் தேற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோல் உரிக்காத பருப்பு! நான் விற்பது தோல் நீக்கி வறுத்தது.

அநேகாந்தம் பொய்க்குக் குடை பிடிக்காது. அதற்காக, ஒரு கிலோ முந்திரிக்கு முகம் தெரியாதவன் பிள்ளைகுட்டி மேல் சாமியை ஏவுவதா? அய்யனார் ஊர்க்காவல் தெய்வம், கடன் வசூலிக்கும் ஆள் அல்ல. அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. தளத்தில் மறுபடி புகார் கொடுத்திருக்கிறேன், தோல் பருப்பை வட்டமிட்டு.