கற்கும் கையும் ஏழையின் உடலும்

பரீட்சையில் தேறியவன் வைத்தியனாகி விடுகிறானா? இல்லையெனில், அவன் எவருடைய உடலின்மீது பயின்று வைத்தியனாகிறான்? எளிய கேள்விபோலத் தோன்றினும், ஆழ்ந்து நோக்குவார் மனத்தை இது வருத்தாமல் விடாது.

எங்கள் தோட்டத்துத் தொழிலாளி ஒருவரின் மகன் மருத்துவம் பயில்கிறான். எலும்பின் பெயரையும் நரம்பின் பெயரையும் மனப்பாடஞ் செய்து, எழுத்துப் பரீட்சைகளிற் குறைவின்றித் தேறினான். பின்னர் ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பப்பட்டான். விடுமுறையில் வந்தவன் என்னிடம் சொன்னான்: “கிராணி ஐயா, முதன்முதல் ஒரு பாட்டிக்கு இரத்தமெடுக்க ஊசி குத்தினேன். இரண்டு முறை தவறிற்று, கை நடுங்கிற்று. அவரோ, ‘பரவாயில்லை தம்பி, இன்னொரு தரம் குத்து’ என்றார். எனக்குத் தலைநிமிர முடியவில்லை.”

அம்மூதாட்டியின் சொல் அன்பா? அன்றி, மறுக்கலாமென்று அறியாத ஏழ்மையா?

விடை தேடுவோர் வியன்னா நகரின் வரலாற்றை அறிதல் நலம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், அந்நகரப் பொது ஆஸ்பத்திரியில் ஏழைப் பெண்களுக்கு இலவசப் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. இலவசத்துக்குக் கைம்மாறாக, அவர்கள் பயிலுவோருக்குப் பாடமாதல் வேண்டும். முதற்பகுதியில் வைத்திய மாணாக்கரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846-இல் முதற்பகுதியில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. முதற்பகுதி வேண்டாமென்று பெண்கள் அழுது மன்றாடினர். கற்றவர்களோ காற்றின் கேடென்று காரணங் கூறினர்.

1847-இல், பிணப்பரிசோதனையின்போது மாணாக்கன் ஒருவனின் கத்தி பட்டுக் கொல்லெட்ச்கா என்னும் ஆசிரியர் இறந்தார். அவர் நண்பர் ஸெம்மல்வைஸ், அச்சாவின் குறிகள் பிரசவக் காய்ச்சலின் குறிகளே எனக் கண்டார். பிணமறுத்த கைகளே தாய்மாரைத் தொட்டன! குளோரின் நீரிற் கைகழுவ வேண்டுமென விதித்தார். 1848-இல் முதற்பகுதியின் சாவு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கிற்று. ஆயினும் பெரிய ஆசிரியர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை.

அம்மாணாக்கர் கொலைஞரா? அல்லர், அவர்கள் தீங்கெண்ணியதில்லை. அறியாது செய்த பிழைக்கு இரங்கலாம். ஆனால் உண்மை விளக்கப்பட்ட பின்பும் கைகழுவ மறுத்தவரிடத்து அறியாமை அகந்தையாக மாறிற்று, அதற்கு மன்னிப்பேது?

“பயிலாமல் வைத்தியர் எங்ஙனம் உண்டாவர்?” எனச் சிலர் கேட்பர். நியாயமே. இந்நாளிற் பொம்மைகளின்மீதும் பழகுகின்றனர். எனினும் முடிவில் மனித உடலைத் தொட்டே தீரவேண்டும். நான் கேட்பது வேறு. அத்தொடுதலின் நோவை எப்பொழுதும் ஏழையே ஏன் சுமக்கவேண்டும்? அவன் தயவாற் கற்ற வித்தையைப் பின்னர்ப் பணக்காரனுக்கு மட்டும் விற்பது எவ்வகை அறம்?

கற்பவன் ஏழைக்குக் கடன்பட்டவன். தான் மாணாக்கனென்று சொல்லுதல், அனுமதி கேட்டல், தேர்ந்தவர் அருகிருக்கச் செய்தல், மறுத்தவரிடம் முகங்கோணாமை ஆகிய இவையே அக்கடனின் முதற்றவணை. பரீட்சைத்தாள் இவற்றைக் கேளாது.

அன்பர்களே! நமக்கும் ஒரு கடமையுண்டு. ஊசியோடு வருபவரை, “தாங்கள் யார்? என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேளுங்கள். தலைவிதியென்று கை நீட்டுவது வேறு. தெரிந்து, மனமுவந்து, ஓர் இளைஞன் கற்கட்டுமென்று கை நீட்டுவது வேறு. பின்னதே கொடை.