சோற்றுக்கும் ஆதாரம் கேட்டார்கள்

"மாத்திரயப் போட்டா பசி கபகபன்னு புடிக்குதுன்றான். பசிக்கு நான் எங்கடா போவேன்? கவுர்மெண்டு மாத்திர குடுத்துது, பசியயும் குடுத்துது. சோறு மட்டும் குடுக்கல."

என் ஆயா இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயதிருக்கும். பெரியப்பாவுக்குக் காசநோய். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவர். ரேஷன் கார்டு ஊரில், வயிறு சூளையில். இருமலில் ரத்தம் வந்த பிறகுதான் ஊருக்குத் திரும்பினார். மாத்திரை இலவசம்தான். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். உடம்பு கொஞ்சம் தேறினால் அகோரப் பசி. இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை, நிறுத்திவிட்டார். அடுத்த மழைக்குள் செத்துப்போனார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள். மறு வருஷம் பெரியம்மாவுக்கும் அதே இருமல்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழ்களில் ஓர் ஆய்வின் முடிவுகள் வந்தன. ஆதிவாசிகள் அதிகம் வாழும் ஜார்க்கண்டில், நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு. காசநோயாளிகள் 2,800 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் 10,345 பேர். பகுதி பகுதியாகக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். நோயாளிக்கு இரண்டு பக்கமும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கிடைத்தது: அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். வித்தியாசம் வீட்டிலிருந்த மற்றவர்களிடத்தில்தான். ஒரு பக்கம் அவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. இன்னொரு பக்கம் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. முடிவு என்ன? சோறு போட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மற்றவருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளைப் பற்றியும் ஒரு சேதி. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆயாவுக்குத் தெரிந்ததைக் கண்டுபிடிக்க பத்தாயிரம் பேரை எடை போட வேண்டுமா? பசித்தவனுக்குச் சோறு போட்டால் நல்லது என்பதற்குக்கூட ஆதாரம் கேட்பீர்களா? அந்த ஆதாரத்துக்காக இன்னொரு பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குப் பருப்பு இல்லாமல் வைத்துக் கணக்கெடுப்பீர்களா? எங்கள் தெருவில் ஒருவன் அடிவாங்கினால் காவல் நிலையத்தில் 'சாட்சி இருக்கா?' என்பார்கள். கூட்டமாக நாங்கள் போய் நின்றால் அதெல்லாம் சாட்சி இல்லை. ஒப்பீட்டுப் பிரிவு என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வந்தது.

(எம்.ஏ. படித்தபோது திருக்குறளில் 'மருந்து' அதிகாரம் பாடமாக இருந்தது. பாதிக்கு மேல், முன்பு உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண் என்கிற அறிவுரை. முன்பு உண்டதே இல்லாதவனுக்கு என்ன மருந்து என்று கேட்டேன். ஆசிரியர் சிரித்தார். வகுப்பும் சிரித்தது.)

கோபத்தோடு ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று கிளம்பி, தெரிந்த டாக்டர் தோழர் ஒருவரிடம் போனேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க ஆயா சொன்ன மாதிரிதான் தோழர் 1950கள்ல பெரிய பெரிய டாக்டருங்களும் சொன்னாங்க. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு, இதெல்லாம் இருந்தாத்தான் காசநோய் குணமாகும்னு. அது எல்லாருக்கும் 'தெரிஞ்ச' விஷயம். அது தப்புன்னு நிரூபிச்சது யாரு தெரியுமா? மெட்ராஸ் குடிசைக்காரங்க."

எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு சேர்ந்து நடத்திய வேலை. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்னின்றார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரு வருஷம் அதே மருந்து, ஐசோநியாசிடும் பாஸும். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், வேலை, அரை வயிறு. 1959இல் முடிவு வெளியானது: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் தேவையற்றுப் போனதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த 193 பேரின் பெயர் யாருக்கும் தெரியாது. ஃபாக்ஸின் பெயர் தெரியும்.

"அத நிரூபிக்கலன்னா உங்க தெருவுக்கு மாத்திரையே வந்திருக்காது தோழர். படுக்கைக்குக் காத்திருந்தே செத்திருப்பாங்க" என்றார் டாக்டர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அனுபவம் என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. எங்கள் சாட்சியமும் சோதிக்கப்பட வேண்டியதே என்று ஒப்புக்கொள்ள கொஞ்சம் வலிக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஜார்க்கண்டையும் அமெரிக்காவின் டஸ்கீகியையும் ஒன்றாகப் பேச முடியாது. அங்கே 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து தராமல் நோய் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். அது கொலை. ஜார்க்கண்டில் யார் தட்டிலிருந்தும் யாரும் எதையும் பிடுங்கவில்லை. அரசு கொடுக்காமல் விட்டதை அளந்தார்கள், அவ்வளவுதான். அளந்தவர்களின் நோக்கம் அரசைக் கொடுக்க வைப்பது. ஆனால் கொடுக்காத பக்கத்தில் இருந்த வீடுகளில் நோய் விழுந்ததால்தான் அந்த 39 என்ற எண்ணே நமக்குக் கிடைத்தது. அந்த வீடுகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா இல்லையா? 'சம்மதம் வாங்கினோம்' என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. சம்மதம் என்பது ஆய்வாளருக்கும் அந்த வீட்டுக்கும் இடையிலானது. நான் கேட்பது, அந்த எண்ணால் பயனடையப்போகிற நம் எல்லோரையும் பற்றி.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. சென்னை ஆய்வு கேட்ட கேள்வி: 'நோய் வந்தவனுக்குப் படுக்கையும் நல்ல சாப்பாடும் இல்லாமல் குணமாகுமா?' ஆகும் என்றது விடை. விடை சரி. ஆனால் அதை எப்படிப் படித்துக்கொண்டார்கள்? மாத்திரை போதும், வீடும் சோறும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. 'இவனுக்கு ஏன் வந்தது? இவன் பெண்டாட்டிக்கு ஏன் வரப்போகிறது?' என்பது வேறு கேள்வி. வீட்டுத் தட்டில் சோறு போட்டுப் பார்த்து அந்தக் கேள்விக்கு இந்த அளவில் விடை தேட 2019 ஆயிற்று. சேத்துப்பட்டு மையத்திலிருந்து வளர்ந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இதில் பங்கேற்றார்கள். நடுவில் 63 வருஷம். என் பெரியப்பா அந்த 63 வருஷத்துக்குள் விழுந்தவர். விடையைச் சோதியுங்கள், ஆயா சொன்னதையும் சோதியுங்கள். ஆனால் எந்தக் கேள்வியை முதலில் சோதிப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் ஆயா ஏன் இல்லை? உடம்பு கொடுக்க மட்டும் அழைக்கப்படுகிற கூட்டம், கேள்வி கேட்க எப்போது அழைக்கப்படும்? ஆய்வு அறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊசி போடும் இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதற்கு வெகு முன்னாலேயே, எது ஆய்வுக்குரிய கேள்வி என்று பொறுக்கி எடுக்கும் மேஜையிலேயே தீண்டாமை தொடங்கிவிடுகிறது.

ஆதாரம் வந்தபிறகாவது என்ன நடந்தது? நோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் தந்து கொண்டிருந்தார்கள். 2024 நவம்பரில் அதை ஆயிரம் ஆக்கினார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கோ, கொடையாளர்கள் தரும் உணவுப் பொட்டலத் திட்டத்தில் இடம் கொடுத்தார்கள். அதாவது யாராவது மனசு வைத்தால் உண்டு. 39 சதவீதம் என்று நிரூபித்த மருந்தைத் தர்மமாகக் கொடுப்பார்களா? தடுப்பூசியை அப்படிக் கொடுக்கிறார்களா? சோறு என்றதும் உரிமை தர்மமாகிவிடுகிறது. கை நீட்டச் சொல்கிறார்கள்.

ஆயாவின் தகரப் பெட்டியில் பெரியப்பாவின் சிகிச்சை அட்டை இருந்தது, ரேஷன் கார்டுக்குள் மடித்து. டாக்டர் தோழரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெயர், வயது, முகவரி எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக எடைக் கட்டத்துக்குப் போனார். முதல் மாதம் 38 கிலோ. இரண்டாவது மாதம் 37. அதற்கப்புறம் காலி.

"ரெண்டாவது மாசமே ஏறலையே" என்றார்.

"ஆமா. ஆயா அப்பவே சொல்லிச்சு" என்றேன்.