ஏழு பாலங்களும் ஆறு கோள்களும்

1595 ஜூலை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒரு புராட்டஸ்டண்ட் பள்ளி. கணித ஆசிரியருக்கு வயது 23. இறைப்பணிக்குப் போகும் எண்ணத்தோடு டூபிங்கனில் இறையியல் படித்துக்கொண்டிருந்தவரை, படிப்பு முடியும் முன்பே கணிதம் கற்பிக்க இங்கே அனுப்பியிருந்தார்கள். வியாழனும் சனியும் வானில் நெருங்கிச் சந்திக்கும் இடங்களை ஒரு வட்டத்தில் குறித்து, முக்கோணம் முக்கோணமாக வரைந்து மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கை வரைந்துகொண்டிருக்கும்போதே மனம் வேறொரு கேள்விக்குத் தாவியது. கோள்கள் ஏன் ஆறு? இருபதாக, நூறாக ஏன் இல்லை?

அந்த ஆசிரியர் ஜோகன்னஸ் கெப்ளர்.

முதலில் முக்கோணம், சதுரம், ஐங்கோணம் என்று தட்டை உருவங்களை வைத்துப் பார்த்தார். அவை முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும். ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திக்கொள்ள அவற்றில் காரணம் இல்லை. திண்ம உருவங்கள் அப்படியல்ல. எல்லா முகமும் ஒரே ஒழுங்குப் பலகோணமாகவும் எல்லா முனையும் ஒன்றுபோலவும் அமைந்த, குழிவில்லாத திண்மங்கள் ஐந்தே ஐந்துதான். ஆறு கோள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளும் ஐந்து! கடவுள் இந்த ஐந்து திண்மங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித்தான் வானத்தைக் கட்டினார் என்று கெப்ளர் முடிவுகட்டினார். 1596இல் புத்தகமும் போட்டார்.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடித்தார். கோள்கள் ஏழாயின. கெப்ளரின் பதிலோடு அவருடைய கேள்வியும் விழுந்தது.

ஆனால் திண்மங்கள் ஐந்துதான் என்ற பாதி இன்றும் அசையாமல் நிற்கிறது. இத்தகைய திண்மத்தில் முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் 2 வரும் என்று லியோனார்டு ஆய்லர் 1750இல் சொன்னார். புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியலைப் படிக்கும் மாணவர்கள் இந்தச் சமன்பாட்டை வைத்தே ஆறாவது திண்மம் இருக்க முடியாது என்பதை ஒரு பக்கத்தில் நிறுவிவிடுகிறார்கள். ஐந்து என்பது இருந்தே ஆக வேண்டிய எண். ஆறு என்பது தற்செயலாக அமைந்த எண், அதுவும் எண்ணியவர்களுக்கு அப்போது தெரிந்த மட்டும். இந்த இரண்டையும் கெப்ளர் ஒரே கயிற்றில் கட்டினார்.

இன்றைய வகுப்புகளிலும் இதே முடிச்சுதான் விழுகிறது. கோட்டுருவியல் வகுப்பில் மாணவர் கேட்பார்: “வழியே இல்லையா, இல்லை இன்னும் யாருக்கும் அகப்படவில்லையா?” சுற்றுப்பாதைகளைப் பற்றிய வகுப்பில் வரும் கேள்வி: “நீள்வட்டத்தின் ஒரு குவியத்தில் சூரியன் இருக்கிறது. இன்னொரு குவியத்தில் என்ன இருக்கிறது?” ஒன்றுமில்லை, வெற்றிடம்தான். அந்தப் பதிலைக் கேட்டு ஏமாறும் முகங்களை ஆசிரியர்கள் அறிவார்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றே: இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா, அல்லது இப்படி இருக்கிறது, அவ்வளவுதானா?

முதல் கேள்விக்கு உரிய ஊர் கோனிக்ஸ்பெர்க். ஒரு நதி அந்த ஊரை நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்திருந்தது. ஏழு பாலங்கள் அவற்றை இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா? ஆய்லர் 1735 ஆகஸ்டில் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பதில் சொன்னார். ஒரு நிலத்துக்குள் ஒரு பாலம் வழியே நுழைந்தால் இன்னொரு பாலம் வழியே வெளியேற வேண்டும். ஆகவே நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் போக, மற்ற எல்லா நிலத்திலும் பாலங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கிலோ ஒரு தீவில் ஐந்து, மற்ற மூன்றிலும் மூன்று மூன்று. நான்குமே ஒற்றைப்படை. வழி இல்லை. எவ்வளவு கெட்டிக்காரர் நடந்தாலும் இல்லை.

கடவுள் நடந்தால்?

ஐரோப்பிய இறையியல் இந்தக் கேள்வியை நெடுங்காலம் சுமந்திருக்கிறது. முரணானதைச் செய்ய முடியாதது ஆற்றலின் குறையல்ல, அங்கே செய்வதற்கு ஒரு செயலே இல்லை என்றார் 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ். தத்துவஞானி டெகார்ட் ஒப்பவில்லை. அரசன் தன் நாட்டுக்குச் சட்டம் இயற்றுவதுபோல் கணித உண்மைகளையும் கடவுளே இயற்றினார் என்று 1630இல் மெர்சென்னுக்கு எழுதிய கடிதங்களில் வாதிட்டார். பின்னர் வந்த தத்துவஞானி லைப்னிட்ஸ் இதை மறுத்தார். அந்த உண்மைகள் கடவுளின் விருப்பத்தால் பிறந்தவை அல்ல, அவருடைய அறிவில் என்றும் இருப்பவை என்றார். பாலக் கணக்கை ஆய்லர் எந்தத் துறையில் சேர்த்தாரோ, அந்த ‘இடநிலை வடிவியல்’ என்ற எண்ணத்துக்கும் இதே லைப்னிட்ஸின் பெயரைத்தான் தம் கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிடுகிறார். நெருங்கிப் பார்த்தால் லைப்னிட்ஸ் பக்கமே நியாயம் கனக்கிறது. எட்டாவது பாலம் ஒன்றைக் கட்டினால் நடை நடக்கும். அது வேறு ஊர், வேறு கணக்கு. ஏழு பாலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நடப்பது என்பது வெறும் சொற்சேர்க்கை. அதைச் செய்யாததால் எந்தக் கடவுளும் சிறுத்துப்போவதில்லை.

வானத்தின் கதை வேறு. கோள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை சிறுகச் சிறுகச் சேர்ந்து ஒரு நாள் ஒழுங்கைக் குலைக்கும், அப்போது அதைச் சீர்செய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் ஒளியியல் நூலில் எழுதினார். 1715 நவம்பரில் லைப்னிட்ஸ் வேல்ஸ் இளவரசி கரோலினுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சாடினார். அவ்வப்போது சாவி கொடுத்துச் சரிபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவரா கடவுள் என்பது அவர் கேள்வி. நியூட்டன் தரப்பில் சாமுவேல் கிளார்க் பதில் எழுதினார். மறு ஆண்டு நவம்பரில் லைப்னிட்ஸ் இறக்கும்வரை அந்தக் கடிதப்போர் நடந்தது.

1780களில் கணிதவியலாளர் லாப்லாஸ், வியாழன் சனி இரண்டின் ஓட்டத்திலும் தெரிந்த பிசகு ஏறத்தாழ 900 ஆண்டுகளில் தானே வந்துபோகும் சுழற்சி என்று காட்டினார். அந்தப் பிசகுக்குச் சாவி கொடுக்க யாரும் தேவைப்படவில்லை. தெரியாத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் வைத்தால் அடுத்த கணக்கு அவரை அங்கிருந்து கிளப்பிவிடும். நம்பிக்கை உள்ளவர்கள்தான் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஆயினும் லாப்லாஸோடு விஷயம் முடியவில்லை. மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தாலே அவற்றின் பாதை எவ்வளவு சிக்கலாகும் என்பதை 1890இல் கணிதவியலாளர் புவாங்காரே வெளியிட்டார். 2009இல் ஜாக் லாஸ்கரும் மிக்காயேல் காஸ்தினோவும் சூரியக் குடும்பத்தின் வருங்காலத்தைக் கணினியில் 2,501 முறை ஓட்டினார்கள். புதனின் தொடக்கநிலையை ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்த்தினார்கள். 500 கோடி ஆண்டுகளுக்குள், சுமார் ஒரு விழுக்காட்டு ஓட்டங்களில் புதனின் பாதை ஆபத்தான அளவுக்கு நீண்டுபோனது. நியூட்டனின் அச்சம் முழுக்கப் பொய்யல்ல.

கோள்களின் பாதையிலும் கட்டாயம் உண்டு. ஆனால் அது நிபந்தனைக்கு உட்பட்ட கட்டாயம். தொலைவு இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகும் என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கோள் சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டமாகத்தான் மூடியாக வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்று வைத்தால் கோள் சற்றே அசைந்தாலும் சூரியனில் விழும் அல்லது ஓடிப்போகும். வெளிக்கு மூன்று பரிமாணத்துக்குப் பதில் நான்கு இருந்தால் இந்தக் கதிதான் நேரும் என்று இயற்பியலாளர் பால் எரன்பெஸ்ட் 1917இல் விளக்கினார். அப்படியானால் மூன்று ஏன்? இங்கே கணிதம் வாய்மூடுகிறது. ‘வைத்துக்கொண்டால்’ என்ற அந்த ஒரு சொல்லை அதனால் நீக்க முடியவில்லை. வியப்புக்கும் வழிபாட்டுக்கும் இடம் இருக்கிறது என்றால், அது இந்தச் சொல்லுக்குள்தான்.

ஆகவே, “ஏன் ஆறு?” என்று ஒரு மாணவர் கேட்டால், பாடத்தில் இல்லை என்று ஆசிரியர் கடந்துபோக வேண்டாம். இது ஐந்து திண்மங்களைப் போன்ற எண்ணா, கோள்களைப் போன்ற எண்ணா என்று அவரோடு சேர்ந்து தேடலாம்.

கோனிக்ஸ்பெர்க் இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் பழைய ஏழில் இரண்டு பாலங்கள் அழிந்தன. எஞ்சியதும் மாற்றிக் கட்டியதுமாக அந்த இடங்களில் இப்போது ஐந்து கடவைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை கடந்து இன்று நடக்கலாம். ஒரு தீவில் தொடங்கி மற்றொரு தீவில் முடிக்க வேண்டும். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவர இன்னும் வழியில்லை.